கீழறைக்கு வந்த கங்கை

என் மாமியாரைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. வீடு தேடி வந்த கங்கையை விரட்டியவளாம். அந்தப் பாவத்தில்தான் வீடு இடிந்ததாம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் இந்தப் பேச்சுக்கு ஒரு சாவு வரவில்லை. போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் காதுபடவே ஒருத்தி சொன்னாள். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் சோற்றின் மேல்தான் காட்டுவேன், அது பிறவிக் குணம். வீட்டுக்கு வந்து பசியோடு உட்கார்ந்திருந்தபோதுதான், நடந்ததை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

நான் குஜிலியம்பாறைப் பக்கம். வானம் பார்த்த பூமி. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு யோசிக்காமல் மோர் கொடுப்பார்கள், தண்ணீர் கொடுக்கத்தான் யோசிப்பார்கள். அங்கிருந்து அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். டவுனில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்து பார்த்தால் தெருவுக்கு ஒரு குழாய். அதில் தண்ணீர் எப்போது வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. குடத்தை வரிசையில் போட்டுவிட்டுப் பெண்கள் காத்துக் கிடப்பார்கள். என் மாமியாரின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. குழாயடியில் பித்தளைக் குடத்தால் வாங்கியது. அடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் புருஷன் பூட்டுப் பட்டறை வைத்திருந்ததால் நான் அவளைப் பட்டறையக்கா என்பேன். மண்டை உடைந்த மறுநாளே இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து ஒன்றாக அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்களாம். தண்ணீருக்காக அடித்துக்கொள்வதை அந்தத் தெருவில் யாரும் பகையாக எடுத்துக்கொண்டதில்லை.

எங்கள் வீட்டில் புகையிலை வியாபாரம். நான் வருவதற்கு முன்பே மாமனார் தவறிவிட்டார். என் வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்கோட்டையிலிருந்து சரிந்து இறங்குகிற தெருவில், சரிவின் கீழ்க்கோடியில் இருந்தது வீடு. உள் அறைக்கு அடியில் ஒரு நிலவறை, வீட்டில் அதைக் கீழறை என்போம். வெயிலுக்குப் புகையிலை காய்ந்து பொடியாகிவிடாமல் இருக்கச் சிப்பம் சிப்பமாக அங்கே அடுக்கி வைப்பார்கள். உள் அறை மூலையில் ஒரு பலகையைத் தூக்கினால் கல்படி. கொல்லைப்பக்கத்துச் சுவரை ஒட்டியே இறங்கும். அந்தச் சுவர் கருங்கல்லை அடுக்கிச் செம்மண் சாந்து வைத்துக் கட்டியது. மேலே சுண்ணாம்பு பூசியிருந்ததால் பார்க்க லட்சணமாக இருக்கும். உள்ளே பிடித்துக்கொண்டிருப்பது வெறும் மண் என்பது அந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமே இல்லை.

முதலில் வந்தது வாடை. புகையிலையின் காரம் எனக்குப் பழகிப்போயிருந்தது. அந்தப் புரட்டாசிக் கடைசியில் அதோடு வேறொன்று சேர்ந்தது. ஈரத்துணியைச் சுருட்டி வைத்து மறந்துவிட்டால் வருமே, அது. என் வீட்டுக்காரர் அடி வரிசைச் சிப்பத்தைப் பிரித்துப் பார்த்தார். இலையெல்லாம் வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. “போச்சு” என்று தலையில் கை வைத்தார். ஐப்பசி பிறந்து மழை கொட்ட ஆரம்பித்ததும் தரையில் பாவியிருந்த பட்டியக்கல் இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது. சுவரோரமாக ஒரு தாம்பாளத்தின் அளவுக்குத் தேங்கியும் நின்றது.

வேறு ஊராக இருந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் தேங்காய் உடைத்தார்கள்.

என் மாமியார் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். “இம்புட்டு வருசம் கொடத்தத் தூக்கிட்டு நாயா அலைஞ்சேனே. என் வீட்டுக்குள்ளயே வந்துட்டியே ஆத்தா, கங்கா!” என்று தரையைத் தொட்டுக் கும்பிட்டார். தான் தாலியறுத்தவள் என்பதால் மஞ்சளையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்தார். “நீ வை தாயி. வாயும் வயிறுமா இருக்கவ. நீ வச்சாப் பெருகும்.” எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஈரக்கல்லில் நான்தான் குங்குமம் வைத்தேன். என் வீட்டுக்காரர் கடப்பாரையால் ஒரு பட்டியக்கல்லை நெம்பி எடுத்துவிட்டு, ஓர் அண்டா கொள்ளுகிற அளவுக்குக் குழி தோண்டினார். மறுநாள் காலையில் பார்த்தால் குழி தளும்பிக்கொண்டு நின்றது.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? தெருப் பெண்கள் குடமும் தவலையுமாக வந்துவிட்டார்கள். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் அந்தப் படியில் யாராவது ஒருத்தி நிற்காத நேரமில்லை. என் மாமியார் அடிப்படியில் உட்கார்ந்துகொண்டு செம்பால் மொண்டு மொண்டு ஊற்றுவார். புருவத்தைக் கிழித்த பட்டறையக்காவுக்கு முதல் குடம். அவள் தன் பெண் குழந்தையைப் படியில் இறக்கி விட்டுவிட்டு நிதானமாகக் கதை பேசுவாள். நடை பழகிய பிள்ளை, ஈரச் சுவரை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். “லேசா ஒரு மூலிகை வாசம் அடிக்குதுல்ல?” என்பாள் அக்கா. “மலையிலருந்து வேர் வழியா வர்ற தண்ணியில்ல?” என்பார் மாமியார். அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் வரிசையில் நின்ற மனுஷி, இப்போது அவர் முன்னால் வரிசை நின்றது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

எனக்கு வந்தது. குடத்தைக் கழுவும்போது அடியில் செம்மண் படிந்திருந்தது, அரைத்த மாவைப் போல நைசாக. மறுநாளும் இருந்தது. “தோண்டுன குழிதான, கலங்கலா இருக்கும். போகப் போகத் தெளிஞ்சிரும்” என்றார் என் வீட்டுக்காரர். தெளியவில்லை. மொள்ள மொள்ளப் படிவு கூடிக்கொண்டுதான் போனது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் இருக்கிறது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக் கிணற்றைத் தூர் எடுத்தார்கள். ஊற்றுக்கண் திறந்தது, ஆனால் தண்ணீரோடு மணலையும் கக்கியது. உள்ளே நின்றவர்களை எங்கள் அய்யா ‘ஏறுங்கடா, ஏறுங்கடா’ என்று தொண்டை கிழியக் கத்தினார். கடைசி ஆள் மேலே கால் வைத்த செத்த நேரத்தில் கிழக்குப் பக்கம் பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் இறைக்கிற கமலைக் கல்லோடு உள்ளே போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் பெரிய வித்தையில்லை, பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தண்ணீர் மட்டும் வந்தால் கும்பிடு, மண்ணோடு வந்தால் ஓடு. வருகிற மண் எங்கிருந்தோ கழன்றுதானே வருகிறது? அது கழன்ற இடத்தில் பொந்து விழாமல் என்ன செய்யும்?

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது பேச்சை எடுத்தேன்.

“அத்தே, தண்ணியோட மண்ணு வருது. செவருக்குப் பின்னால பொந்து விழுந்துக்கிட்டிருக்கு. மொள்ளுறத நிப்பாட்டிருவோம்.”

“என்னது?”

“ஊத்த மூடிருவோங்கிறேன்.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். “ஊத்துக்கண்ண மூடுன குடும்பம் எங்கயாச்சும் வெளங்கியிருக்கா? வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுற நீயி?”

“புள்ளய வச்சிருக்கிறதுனாலதான் பேசுறேன்.”

“ஒங்க ஊரு கெணறு மண்ணுக் கெணறு. இது கல்லுக்கட்டடம். வாயக் கழுவிட்டு வா, போ.”

அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சாயங்காலம் அவரே சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து, அவரைக்காய் வெஞ்சனத்தை ஓரத்தில் வைத்து, என் வாயில் ஊட்டிவிட்டார். ஊற்றைப் பற்றிய பேச்சு மட்டும்தான் ஆகாது, மற்றபடி என்மேல் உயிர். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்?

ஆனால் வீடு பேச ஆரம்பித்திருந்தது. உள் அறைக் கதவு நிலையில் சேராமல் இடித்தது. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று இழைத்துப் பார்த்தார்கள். இரண்டு நாள் சேர்ந்தது, மறுபடி இடித்தது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கீழறையிலிருந்து சாரிசாரியாக மேலே ஏறி, அடுப்படி வழியாக வெளியேறின. உள் அறைச் சுவரில் தரையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. மாமியார் படுக்கிற பாய்க்கு நேர் மேலே. வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அந்த விரிசலின் குறுக்கே ஒரு பொட்டு வைத்தேன். சுவர் அசையாமல் இருந்தால் பொட்டு காய்ந்து அப்படியே நிற்கும். காய்ந்தது. மறுநாள் காலையில் பார்த்தேன். பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அடுத்து ஒன்று வைத்தேன், அதுவும் பிளந்தது. அந்தப் பாயில் படுத்துத் தூங்குகிற மனுஷிக்கு இதைக் காட்டினால், “கட்டடம்னா விரிசல் விடாதா? எனக்குந்தான் காலெல்லாம் வெடிச்சிருக்கு” என்றார்.

என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “இந்த வீடு ஒங்க தாத்தா காலத்துலருந்து இருக்கு. எம்புட்டு மழை பாத்திருக்கும்? அப்பல்லாம் காஞ்சு கெடந்த அறையில இந்த வருசம் மட்டும் எப்படித் தண்ணி வந்துச்சு? இங்க என்ன மாறுச்சு, அதச் சொல்லுங்க.”

அவர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். நல்ல மனுஷன், ஆனால் யோசனை கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். “தெருவ ஒசத்துனாங்க” என்றார்.

அங்கேதான் முடிச்சு இருந்தது. அதற்கு முந்தின வருஷம் தெருவில் கல்லும் சரளையும் கொட்டி ரோடு போட்டதில் ரோடு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. குளித்த தண்ணீரும் முற்றத்து மழைத்தண்ணீரும் அதுவரை வாசல் பக்கத்துக் கல்சாக்கடை வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தன. இனி போக வழியில்லை. என் வீட்டுக்காரர் கொல்லையில் ஒரு குழி வெட்டி, சுட்ட மண் உறை இரண்டை இறக்கி, எல்லாவற்றையும் அதில் திருப்பிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு மேலண்டை வீட்டுக்காரர்களும் தங்கள் கொல்லைச் சாக்கடையைச் சரிவில் வெட்டி அதே குழியில் சேர்த்துவிட்டார்கள். எவ்வளவு ஊற்றினாலும் குழி நிறைவதே இல்லை. ‘ராசியான குழி’ என்று எல்லாருக்கும் பெருமை. நிறையவில்லையே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குழிக்கும் கீழறைச் சுவருக்கும் நடுவில் நான் கையை நீட்டிப் படுத்தால் இரண்டையும் தொட்டுவிடலாம்.

எனக்கு உடம்பு கூசியது. மூலிகை வாசம்! சீயக்காய் வாசத்துக்கு அப்படி ஒரு பெயரா? இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் குடும்பத்தோடு பழனிக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தோம். அன்றைக்கு ஊற்று பாதிக்கு இறங்கிக் கிடந்தது. “நம்மளக் காணாம வாடிப்போச்சு பாரு” என்று மாமியார் உருகினார். நாங்கள் குளிக்காததால் இறங்கியிருக்கிறது.

நினைப்பது வேறு, ருசுப்படுத்துவது வேறு. வாயால் சொன்னால் அவர் கேட்கமாட்டார். உப்பு ஜாடியைக் கொண்டுபோய்க் குழியில் கொட்டிப் பார்ப்போம் என்றேன். என் வீட்டுக்காரர் பதறினார். “உப்பு மகாலச்சுமி புள்ள. சாக்கடையில கொட்டுறதா?” வெள்ளிக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமையும் வேண்டாம் என்று தள்ளிப்போட்டு, புதன்கிழமை காலையில் ஜாடி உப்போடு, உப்பு வண்டிக்காரரிடம் வாங்கிய இன்னொரு மூட்டையையும் சேர்த்துக் கொட்டினோம். மேலே தண்ணீரும் ஊற்றினோம். மறுநாள் மத்தியானம் கீழறையிலிருந்து மாமியார் ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“தண்ணி கரிக்குது” என்றார். “கங்கைக்குக் கோவம் வந்துருச்சு. நீ மூடணும்னு சொன்னேல்ல, அதான்.”

“கங்கையுமில்ல, கோவமுமில்ல அத்தே. கொல்லைக்குழியில உப்பக் கொட்டுனது நான். நேத்துக் காலையில அங்க போட்டது இன்னைக்கு இங்க வந்திருக்கு.”

கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனேன். குழியோரத்தில் இன்னும் உப்புக்கல் கரையாமல் கிடந்தது. மேலண்டை வீட்டிலிருந்து யாரோ குளிக்கிற தண்ணீர் நுரையோடு வந்து குழியில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நான் ஊருக்கெல்லாம் மொண்டு குடுத்தது?”

“நம்ம குளிச்ச தண்ணி. அவுக குளிச்ச தண்ணி.”

“பட்டற வீட்டுப் புள்ளைக்கு வயித்தால போச்சே, அது?”

நான் அவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, நான் ஊட்டியும் வாயைத் திறக்கவில்லை. இதோடு முடிந்தது, காலையில் பலகையை மூடிவிடுவார் என்று நினைத்தேன். என்ன நடந்தது தெரியுமா? விடிந்ததும் குடங்கள் வந்து நின்றன. “வாங்கடி” என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் கீழே இறங்கிப் போனார்! ஒருத்தி, “இன்னைக்கு என்னக்கா கரிக்குது?” என்றாள். “மழை சாஸ்தி, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். நான் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் கத்தினேன். “மானத்துக்குப் பயந்து அம்புட்டுப் பேரையும் உசுரோட புதைக்கப் போறீகளா?”

“எப்படிச் சொல்லுவேன் தாயி? குங்குமம் வச்சுக் கும்பிட்டுக் குடுத்தேனே. சாக்கடையக் குடிச்சீங்கன்னு எந்த வாயால சொல்ல?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “மழை நிக்கட்டும். தானா வத்திப் போயிரும். யாருக்கும் தெரிய வேணாம்.”

மழை நிற்கவில்லை. கார்த்திகை பிறந்து இன்னும் வலுத்தது. கீழறைச் சுவர் படிக்கு மேலே வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. பூச்சு பத்தை பத்தையாக உரிந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் பனங்கட்டை வாங்கி வந்து முட்டுக் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலையில் மாமியார் வழக்கம்போல மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார், நான் பலகை வாயிலில் நின்றேன். பட்டறையக்காவின் குழந்தை நடுப்படியில் உட்கார்ந்து சுவரை நோண்டிக்கொண்டிருந்தது. பூச்சு விழுந்த இடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே விரலை விட்டு ஈரமண்ணைப் பிடி பிடியாக எடுத்து மடியில் வைத்தது. அது எடுக்க எடுக்க, உள்ளேயிருந்து மண் தானாகவே சரிந்து வந்தது. பிறகு அந்த இடுக்கிலிருந்து கலங்கல் தண்ணீர் குழந்தையின் பாவாடையில் வழிந்தது. குழந்தை சிரித்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டார். செம்பை வைத்துவிட்டு ஏறி வந்து, அந்த இடுக்கில் தன் கையை விட்டார். மணிக்கட்டு வரை போனது. இன்னும் விட்டார். முழங்கை வரை போனது. கை எதிலும் முட்டவில்லை.

அவர் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. சத்தம் போடவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “எல்லாரும் மேல வாங்க. இப்பயே வாங்க” என்றார். வந்ததும் பலகையைப் போட்டு மூடி அதன்மேல் நின்றார். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். “இது கங்கையில்லடி. நம்ம கொல்லைக்குழித் தண்ணி. நாம குளிச்ச தண்ணி. செவரு விழுகப் போகுது. இனிமே யாரும் வராதீக.”

ஒருத்தி சிரித்தாள். “குடுக்க மனசில்லேன்னு சொல்லுக்கா. அதுக்கு ஏன் இம்புட்டுக் கதை?”

“வெயிலு காலத்துக்குச் சேத்து வைக்கப் பாக்குது” என்றாள் இன்னொருத்தி. “மருமவ வந்து ஏத்தி விட்டுட்டா” என்று என்னையும் இழுத்தாள். உப்பைக் கொட்டிப் பார்த்ததை நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? குழாயடியில் வளர்ந்த கூட்டம் அது. தண்ணீர் இருக்கிற இடத்தை எவளாவது மறைத்தால் தள்ளிவிட்டுப் போகத்தான் தெரியும். அவரைத் தள்ளினார்கள். பலகையைத் தூக்கினார்கள். பட்டறையக்கா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு முதலில் இறங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் இறங்கி, சுவரை உரசிக்கொண்டு நின்றார்கள்.

மாமியார் எழுந்தார். கூடத்தில் பூசணம் பிடித்த சிப்பங்களை எரிப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்தோம். ஒரு சிப்பத்தைக் கட்டோடு தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்களை இடித்துத் தள்ளி இறங்கி, குழிக்குள் போட்டு மிதித்தார். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு போனார். இலையும் காம்புமாக உள்ளே தள்ளி, முழங்கால் வரைக்கும் நின்று கலக்கினார். தண்ணீர் கறுத்துப் போய்விட்டது. அந்தக் காரம் மேலே வரை ஏறிக் கண்ணை எரித்தது. அத்தனை பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமியபடி ஓடி வந்தார்கள். என் கையால் மஞ்சள் குங்குமம் வைக்கச் சொல்லிக் கும்பிட்ட இடத்தைத் தானே காலால் மிதித்துவிட்டு அவரும் ஏறி வந்தார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். புகையிலைக் காரமோ, அழுகையோ, நான் கேட்கவில்லை.

வாசலில் பட்டறையக்கா குனிந்து தெருச் சேற்று மண்ணை இரண்டு கையாலும் வாரி எங்கள் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள். “தாகத்துக்கு வந்த கங்கையில வெசத்தக் கலந்தியேடி பாவி! இந்த வீடு இடிஞ்சு மண்ணாப் போக!” எங்கள் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றினால் அதற்கு மேல் சாபம் கிடையாது. மாமியார் நிலைப்படியில் நின்று அந்த மண்ணை முகத்தில் வாங்கிக்கொண்டார். துடைக்கக்கூட இல்லை.

அன்றைக்கே கொல்லைக்குழியை அடைத்தோம். மேலண்டையிலிருந்து வரும் வாய்க்காலைத் திருப்பி, கொல்லைக் கோடியில் சந்துப் பக்கம் வெட்டிவிட்டார் என் வீட்டுக்காரர். கீழறையில் நாலு பனங்கட்டை முட்டுக் கொடுத்தார். உள் அறையைக் காலி செய்து கூடத்துக்கு வந்துவிட்டோம். செய்ய வேண்டியதெல்லாம் அதுதான், ஆனால் ஒரு மாதம் முந்திச் செய்திருக்க வேண்டும். கழன்றுபோன மண்ணை யார் திரும்பக் கொண்டுவந்து வைப்பது?

மூன்றாம் நாள், நல்ல பகலில், மழையில்லாத நேரத்தில் விழுந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். முதலில் மாவு சலிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு கட்டை முறிகிற சத்தம். அதற்கப்புறம் காலுக்குக் கீழே பூமி ஒரு தடவை இறங்கி நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் உள் அறையில் பாதித் தரை இல்லை. மாமியார் பாய் விரிக்கிற இடம் இல்லை. கொல்லைச் சுவர் முழுசாகச் சரிந்து கல்படியின் மேல் குவிந்து கிடந்தது. ஒரு படிகூட வெளியே தெரியவில்லை. விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் ஆள் நிற்காத நேரமில்லை என்றேனே, அந்தப் படி. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

தெரு கூடிப் பார்த்தது. “பாத்தியா, சாபம் பலிச்சிருச்சு” என்றார்கள். கங்கை கோபித்துக்கொண்டு வீட்டையே இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். படி எங்கே இருந்தது, தாங்கள் எங்கே நின்றோம் என்று ஒருத்தியாவது எண்ணிப் பார்த்தாளா? ஒருத்தியும் இல்லை.

இடிபாட்டுக் கல்லையும் ஆற்று மணலையும் போட்டுக் கீழறையைத் தூர்த்தோம். சுவரைப் புதிதாக எழுப்பினோம். மாசியில் தாய்வீட்டில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது, கைகால் சுகமாக. கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது மாமியார் பழையபடி தெருக்குழாய்க்குப் போய்க்கொண்டிருந்தார். வரிசையில் அவர் குடத்தை யாரும் சேர்க்கவில்லை. வைத்தால் காலால் தள்ளினார்கள். எல்லாரும் பிடித்துப் போன பிறகு, குழாய் சொட்டுகிற நேரத்தில் அவர் போய்ப் பிடிப்பார். பட்டறையக்கா அவரைப் பார்த்தாலே காறித் துப்புவாள். ஒன்றாக அரிசி புடைத்தவள்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அரைக்குடம் தண்ணீரோடு வந்தவரை வாசலிலேயே மறித்தேன். “ஒங்களுக்கென்ன வாயில்லையா அத்தே? அந்தப் படியில நின்னு செத்திருப்பீகடின்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? நீங்க சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன்.”

அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரே தெருவில் பட்டறையக்காவின் குழந்தை கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது. அது விழுந்து எழுந்து மறுபடி ஓடும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“திட்டட்டும் தாயி” என்றார். “திட்டுறதுக்கு உசுரோட இருக்காளுகள்ல.”